ஏறி வருகிறவர் முந்திச் சொல்லட்டும்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)

அன்பான தாய்மாரே, தகப்பன்மாரே, கொழுந்து மலையில் இருந்து இறங்கி, கை கால் கழுவிக்கொண்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்களைப் பேசக் கூப்பிட்டவர்கள், பிரயோசனமான ஒரு விஷயத்தைப் பேசுங்கள் என்று கேட்டார்கள். சுகாதாரம் பற்றிப் பேச டொக்டர் வருவார். சேமிப்புப் பற்றிப் பேச வங்கியில் இருந்து வருவார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். வழியில் ஒருவரை ஒருவர் கண்டால் என்ன சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் அது. இதற்கு ஒரு பேச்சா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். போன வருஷம் கொடுத்த கைமாற்றை நாம் மறந்துபோகிறோம். பத்து வருஷத்துக்கு முன் ஒருவர் 'ஏய், இங்க வா' என்று கூப்பிட்டது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அப்படியானால் அது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

நாங்கள் கல்முனையைச் சேர்ந்தவர்கள். உங்களில் சிலர் அந்தப் பக்கம் கடையில் வேலை செய்திருப்பீர்கள், சிலர் பஸ்ஸில் கடந்து போயிருப்பீர்கள். மட்டக்களப்பில் இருந்து தெற்கே வருகிற ரோட்டில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கும். ஒரு ஊரில் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும், அடுத்த ஊரில் கோயில் மணி கேட்கும். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேச்சு. ஆனால் வழியில் கண்டால் சொல்கிற சொல் இரண்டு. அதனால்தான் ஆரம்பத்தில் இரண்டையும் சேர்த்துச் சொன்னோம்.

முதலில் 'சலாம்' என்ற சொல்லைப் பார்ப்போம். இந்தச் சொல் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் தோட்டத்தில் அதன் கதை வேறு, எங்கள் கரையில் அதன் கதை வேறு.

தோட்டத்தில் 'சலாங்க தொரை' என்று சொன்ன காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். துரை குதிரையில் வருவார். பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தார், ஜீப்பில் வந்தார். நடந்து போகிறவர் ஓரமாக ஒதுங்கவேண்டும். தலையில் கட்டியிருக்கிற துண்டை அவிழ்க்கவேண்டும். பிடித்திருக்கிற குடையை மடக்கவேண்டும். பிறகு சலாம் வைக்கவேண்டும். துரை சில நேரம் தலையை ஆட்டுவார். சில நேரம் அதுவும் இல்லை. சலாம் கீழே இருந்து மேலே போனது. மேலே இருந்து கீழே திரும்பி வரவில்லை. அதனால்தான் நம் பேச்சில் 'அவனுக்குப் போய் சலாம் போடச் சொல்றியா?' என்று கோபமாகக் கேட்கிற வழக்கம் இருக்கிறது. சலாம் என்றாலே குனிவது என்று ஆகிப்போனது.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். அஸ்ஸலாமு அலைக்கும் என்றால் உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று அர்த்தம். கேட்டவர் வஅலைக்கும் ஸலாம் என்று திருப்பிச் சொல்லவேண்டும். உங்கள் மீதும் சாந்தி உண்டாகட்டும் என்பது அதன் பொருள். முந்திச் சொல்வது நல்ல வழக்கம். திருப்பிச் சொல்வதோ கடமை. ஒருவர் உங்களை வாழ்த்தினால் அதைவிட நன்றாக வாழ்த்துங்கள், குறைந்தது அதே அளவாவது திருப்பிக் கொடுங்கள் என்பது திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 86ஆம் வசனத்தின் கருத்து. அதாவது இது ஒரு கொடுக்கல் வாங்கல். வாங்கினால் திருப்ப வேண்டும். முதலாளிக்கு ஒரு கணக்கு, கூலியாளுக்கு ஒரு கணக்கு என்று இதில் கிடையாது.

யார் முந்திச் சொல்வது என்பதற்கும் நபிமொழியில் ஓர் ஒழுங்கு உண்டு. சின்னவர் பெரியவருக்குச் சொல்லவேண்டும். நடந்து வருகிறவர் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சொல்லவேண்டும். சின்னக் கூட்டம் பெரிய கூட்டத்துக்குச் சொல்லவேண்டும். நான்காவதை நன்றாகக் கேளுங்கள். வாகனத்தில் ஏறி வருகிறவர், நடந்து போகிறவருக்கு முந்திச் சொல்லவேண்டும்.

தோட்டத்து ரோட்டில் நடந்தது இதற்கு நேர் மாறு. அங்கே நடந்தவர் ஒதுங்கினார், ஏறி வந்தவர் வாங்கிக்கொண்டார். இந்த ஒழுங்கிலோ, உயரத்தில் இருக்கிறவருக்குத்தான் முதல் பொறுப்பு. அதன் நியாயம் எங்களுக்கு இப்படிப் படுகிறது: குதிரையில் வருகிறவனைக் கண்டால் நடக்கிறவனுக்கு ஒரு பயம் வரும். 'என்னால் உனக்குத் தொந்தரவு இல்லை' என்று ஏறி வருகிறவன் முந்திச் சொன்னால் அந்தப் பயம் போய்விடும். பயம் யாருக்கோ, அவருக்கு முதலில் சாந்தி சொல்லவேண்டும்.

எங்கள் ஊரில் எல்லோரும் இதைச் சரியாகச் செய்கிறார்கள் என்று சொன்னால் அது பொய். காரில் போகிறவர் கண்ணாடியை இறக்காமல் போவது எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் அது தவறு என்று எடுத்துச் சொல்ல ஒரு அளவுகோல் இருக்கிறது.

'வணக்கம்' என்ற சொல்லுக்கும் இதே நியாயம்தான். வணங்குவதில் இருந்து வந்த சொல். குனிவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் கை கூப்பி ஒரே நேரத்தில் தலை தாழ்த்தினால், இரண்டு தலையும் ஒரே மட்டம். ஒருவர் மட்டும் தாழ்த்தி மற்றவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது கும்பிடு போடுவதாக ஆகிவிடுகிறது.

இங்கே ஒரு விளக்கம் சொல்லவேண்டும். டவுனில் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போய் நீங்கள் 'வணக்கம்' சொல்கிறீர்கள். அவர் வணக்கம் என்று திருப்பாமல், 'வாங்க, சுகமா?' என்கிறார். இவர் நம்மை மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முஸ்லிம்களின் பேச்சில் வணக்கம் என்ற சொல் இறைவனைத் தொழுவதையும் குறிக்கும். அதனால் எங்களில் சிலர் மனிதருக்கு அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்குவார்கள். சிலர் தயங்காமல் சொல்வார்கள். 'வாங்க, சுகமா?' என்று முகம் மலர்ந்து கேட்டால் உங்கள் வணக்கம் திரும்பி வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல் ஊருக்கு ஊர் மாறும். இதனால் வந்த வேடிக்கைகள் எத்தனையோ. எங்கள் பக்கம் அண்ணனைக் 'காக்கா' என்போம். தெரியாத ஆணையும் மரியாதையாகக் காக்கா என்று கூப்பிடுவோம். தோட்டத்துப் பிள்ளை இதைக் கேட்டால் வானத்தைப் பார்க்கும். 'தாத்தா' என்றால் உங்களுக்கு அப்பாவின் அப்பா. முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் தாத்தா என்றால் அக்கா. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஒரே பஸ்ஸில் மூன்று பேர் தாத்தா என்று கூப்பிட்டால், ஒரு கிழவரும் ஒரு இளம் பெண்ணும் ஒரு தகப்பனும் திரும்பிப் பார்ப்பார்கள்!

சிரிப்போடு முடிந்தால் நல்லது. எல்லா நேரமும் அப்படி முடிவதில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

எங்கள் வாப்பாவுக்குக் கல்முனைப் பசாரில் சின்னதாக ஒரு புடவைக் கடை இருந்தது. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் வைத்திருந்தார். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து ஒரு தம்பி வேலைக்கு வந்தார். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். முதல் நாள் பகல் எங்கள் உம்மா வாசலுக்கு வந்து, 'மகன், சோறு திண்டீங்களா?' என்று கேட்டார். தம்பியின் முகம் கறுத்துப்போனது. 'நான் சாப்பிடலீங்க' என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், அன்றைக்குப் பகல் முழுக்கப் பட்டினி.

அடுத்த கடையில் வேலை செய்த மலைநாட்டுப் பையன் ஒருவர்தான் எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். 'மாட்டைக் கேக்கிற மாதிரி தின்னியான்னு கேட்டாங்களாம்' என்றார். உம்மா அழுதேவிட்டார். எங்கள் கரையில் தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கமும் சோறு 'தின்பது' சாதாரணப் பேச்சு. விருந்தாளியையும் அப்படித்தான் கேட்போம். உங்கள் பேச்சில் மாடு தின்னும், மனிதர் சாப்பிடுவார். உம்மாவின் மரியாதை 'தின்' என்ற சொல்லில் இருக்கவில்லை. அது 'மகன்' என்று கூப்பிட்டதில் இருந்தது. 'ஈங்களா' என்று முடித்ததில் இருந்தது. வாசல்வரை நடந்து வந்து கேட்டதில் இருந்தது. தம்பியின் காது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

இதில் தம்பியைக் குறை சொல்ல முடியாது. சொற்களால் பல முறை அடிபட்ட காது முதலில் அடியைத்தான் எதிர்பார்க்கும். அதற்குப் பிறகு உம்மா அவரிடம் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கப் பழகினார். கொஞ்ச நாளில் அந்தத் தம்பியே 'உம்மா, சோறு திங்கலாமா?' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஆகவே நாம் கற்றுக்கொள்ளவேண்டிய முதல் பாடம், சொல்லை மட்டும் கேளாதீர்கள், குரலையும் கேளுங்கள். 'என்ன' என்ற ஒரு சொல் போதும். வீட்டுக்கு வந்தவரைக் கண்டு சிரித்துக்கொண்டு 'என்ன!' என்றால் அது வரவேற்பு. மேசைக்குப் பின்னால் இருந்து நிமிர்ந்து பார்க்காமல் 'என்ன?' என்றால் அது வெளியே போ என்பதற்குச் சமம். சிங்களத்திலும் இப்படித்தான். கூட்டாளிகள் தங்களுக்குள் 'உம்ப' என்று பேசிக்கொள்வது பிரியத்தினால். முன்பின் தெரியாத ஒருவர் உங்களை 'உம்ப' என்றால் அது அவமதிப்பு. யாழ்ப்பாணத்து ஆசிரியர் உங்களை 'நீர்' என்று சொன்னால் கோபிக்காதீர்கள். 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் அவர்களுக்கு ஒரு படி இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் தவறாக விளங்கிக்கொண்டது என்று தள்ளிவிடவும் கூடாது. சில சொற்கள் காயப்படுத்தவே சொல்லப்படுகின்றன. அதே கடையில் நடந்த அடுத்த சம்பவம் அதுதான். ஒரு நாள் சாமான் வாங்க வந்த ஒருவர், அந்தத் தம்பி நிற்கும்போதே, 'இந்தத் தோட்டக்காட்டானை எங்க பிடிச்சீங்க?' என்று வாப்பாவிடம் கேட்டார். இந்தச் சொல்லை எங்கள் பக்கத்திலும் சொன்னார்கள் என்பதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. வாப்பா ஒன்றும் பேசவில்லை. துணியைக் கிழித்துக் கொடுத்தார், காசை வாங்கினார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒவ்வொரு நாளும் அந்தத் தம்பிதான் காலையில் வந்து கடைப் பலகையைக் கழற்றி, வாப்பா சைக்கிளில் வந்து இறங்கும்போது எழுந்து நின்று காலை வணக்கம் சொல்வார். மறுநாள் வாப்பா சைக்கிளில் இருந்துகொண்டே, தூரத்தில் வரும்போதே, அவருடைய பெயரைச் சொல்லி, 'தம்பி, சுகமா?' என்று முந்திக்கொண்டார். ஏறி வருகிறவர் முந்திச் சொல்லவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். அதுவரை கடைப் பையனுக்கும் அது பொருந்தும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அதே ஆள் திரும்ப வந்தபோது, 'இவர்தான் நம்ம கடையைப் பார்க்கிறவர்' என்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார்.

வாப்பாவுக்கு மனம் ஆறியது. தம்பிக்கு ஆறியதா? வேலையை விட்டு ஊருக்குப் போகும் நாளில் அவர் சொன்னார்: 'அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க, முதலாளி.' வாப்பாவிடம் பதில் இருக்கவில்லை. எங்களிடமும் இன்றுவரை இல்லை. மரியாதைக்கு நேரம் உண்டு. பக்கத்தில் நிற்கிறவரை ஒருவர் தாழ்த்திப் பேசும்போது, அந்த நேரத்திலேயே மெதுவாக, 'அப்படிச் சொல்லாதீங்க, அவருக்குப் பேர் இருக்கு' என்று சொல்லவேண்டும். சண்டை பிடிக்கத் தேவையில்லை. அந்த ஒரு வசனம் போதும்.

இன்னொன்றையும் எங்கள் ஊர் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. 1985இலும் 1990இலும் எங்கள் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் இரத்தம் சிந்தியது. இரண்டு பக்கமும் வீடுகளை இழந்தோம், ஆட்களை இழந்தோம். அதற்குப் பிறகு பல காலம், ஒரே சந்தையில் மீன் வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள். 'எங்க போறீங்க?' என்ற ஒரு கேள்வி நின்றுபோனது. அந்தக் கேள்விக்கு யாரும் விலாசம் எதிர்பார்ப்பதில்லை. 'இந்தா, இப்படிப் போயிட்டு வாறன்' என்றால் போதும். நான் உன்னைக் கண்டேன், நீ நல்லா இரு என்பதே அதன் பொருள். அது நின்ற இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. சுனாமியில் இந்த நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை. அன்று ரோட்டில் யார் யாரைக் கண்டாலும் முதலில் கேட்டது, 'உங்க ஆட்கள் இருக்கிறாங்களா?' என்பதுதான். எத்தனையோ வருஷம் பேசாதவர்களும் கேட்டார்கள். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திரும்பவும் ஒரு குளிர் வந்தது. பஸ்ஸில் வாய்விட்டு ஸலாம் சொல்லவே எங்களில் பலர் தயங்கினோம். அந்த நாட்களில் பக்கத்து ஆசனத்தில் இருந்து யாராவது ஒருவர் 'எங்க போறீங்க?' என்று கேட்டால், அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

தூர தேசத்துச் செய்தி ஒன்றும் இதோடு சேரும். சுவீடன் நாட்டில் ஒரு காலத்தில் பெரியவர்களிடம் நேராகப் பேசவே முடியாது. உங்களிடம் 'ஐயா என்ன சொல்றாரோ' என்று எதிரில் நிற்கிறவரையே படர்க்கையில் பேசுகிற வழக்கம் இருக்கிறதே, அதுபோலப் பதவிப் பெயரைச் சொல்லியே பேசவேண்டும். 1967இல் அந்த நாட்டின் அரசாங்க மருத்துவச் சபைக்குத் தலைவராக வந்த புரோர் ரெக்செட் என்பவர், எல்லா ஊழியர்களோடும் சாதாரண 'நீ' போட்டே பேசப்போவதாகச் சொன்னார். அவர்களும் அவரிடம் அப்படியே பேசலாம். அந்தப் பழக்கம் ஏற்கனவே மெல்லப் பரவி வந்தது, பிறகு நாடு முழுவதும் நிலைத்தது. கவனியுங்கள், அதையும் மேலே இருந்தவரே முந்திச் செய்தார். அவர்கள் எல்லோரும் 'நீ'க்கு இறங்கிச் சமமானார்கள். நாம் எல்லோரும் 'நீங்க'வுக்கு ஏறிச் சமமாகலாம். உங்கள் பேச்சில் அதற்கு 'ங்க' என்ற அழகான ஒன்று ஏற்கனவே இருக்கிறது. வாங்க, போங்க, சரிங்க, இல்லீங்க. அதைக் கீழே இருந்து மேலே மட்டும் அனுப்பாமல், எல்லாப் பக்கமும் அனுப்பினால் போதும்.

இதை எங்கே தொடங்குவது? சில யோசனைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள். நிமிர்ந்து, முகம் பார்த்துச் சொல்லுங்கள். குடையை மடக்கத் தேவையில்லை, ஓரமாக ஒதுங்கத் தேவையில்லை. அவர் திருப்பிச் சொல்லாவிட்டால் அது அவருடைய கடன். உங்கள் பக்கத்துக் கணக்கு தீர்ந்தது.

இரண்டாவது, இங்கே கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் இருக்கிறீர்கள். மலையில் நிற்கிற பெண்களை 'ஏய்', 'இந்தாடி' என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் ஆளாக 'வாங்கம்மா' என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள். வேலை குறையாது.

மூன்றாவது, ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் கந்தோரிலும் மூலையில் ஒதுங்கி நிற்கவேண்டாம். 1987இல் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. 'வணக்கம், இந்த விஷயமா வந்திருக்கிறோம்' என்று தமிழிலேயே தெளிவாகச் சொல்லலாம். சிங்களம் தெரிந்தால் 'ஆயுபோவன்' என்று தொடங்குவதும் நல்லது. ஒருவரின் மொழியில் அவரை வாழ்த்துவதால் நம் மொழி குறைந்துபோகாது.

நான்காவது, இதுதான் கஷ்டமானது. வெளியே அடிபட்ட சொல்லை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பகல் முழுக்க 'ஏய்' கேட்டவர் பொழுதுபட்டு லயத்துக்கு வந்து, அதே 'ஏய்'யை மனைவியிடம் சொல்கிறார். மனைவி பிள்ளையிடம் சொல்கிறார். பிள்ளை தம்பியிடம் சொல்கிறது. அந்த வீட்டில் யாருக்கும் பேர் இல்லை. காம்பிராவுக்குள் நுழையும்போது பிள்ளையின் பேரைச் சொல்லி 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். வேலையால் வருகிறவர், வீட்டில் காத்திருக்கிறவரிடம் முந்திச் சொல்லட்டும். வீட்டில் 'நீங்க' கேட்டு வளர்ந்த பிள்ளை, நாளைக்குக் கல்முனையிலோ கொழும்பிலோ ஒரு கடை வாசலில் நிற்கும்போது, தன்னை 'டேய்' என்று கூப்பிட்டால் அது சரியில்லை என்று தெரிந்துகொள்ளும். அதைவிட முக்கியம், தனக்குக் கீழே ஒரு பையன் வேலைக்கு வந்தால் அவனை 'டேய்' என்று கூப்பிடாது.

உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை. போய் வருகிறோம் என்றுதான் சொல்வோம். ஆகவே நாங்களும் அப்படியே சொல்லிக்கொள்கிறோம்.

போயிட்டு வாறோம். எல்லோரும் சுகமாக இருங்கள்.